மளிகைச் சீட்டும் மாதக் கடைசியும்: கணக்குப்பிள்ளை பதில்கள்

(சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் ஒரு மொத்த மளிகைக் கடையில் காலமெல்லாம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், வாசகர்களின் வீட்டுச் செலவுக் கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். வீட்டில் நாலு பேர். மாதம் 22,000 வருகிறது. மளிகைக்கே 6,500 போய்விடுகிறது. இருபதாம் தேதிக்கு மேல் எதிர்க்கடையில் கடன்தான். லீ பஜாரில் மொத்தமாக வாங்கினால் செலவு பாதியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா? போன மாதச் சீட்டையும் அனுப்பியிருக்கிறேன்.
— ஒரு வாசகி, அம்மாப்பேட்டை

பாதியாகாதும்மா. அப்படிச் சொன்னவர் பஜாரில் மூட்டை வாங்கியவராக இருக்க மாட்டார். அரிசி, பருப்பில் மொத்த விலைக்கும் உங்கள் தெருக்கடை விலைக்கும் கிலோவுக்குச் சில ரூபாய்தான் வித்தியாசம். அதையும் ஆட்டோக்காரருக்குக் கொடுத்துவிட்டு வருவதென்றால் போகவே வேண்டாம்.

உங்கள் சீட்டைப் பார்த்தேன். முன்பக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை; சிக்கனமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். பணம் கசிவது பின்பக்கத்தில், ‘எதிர்க்கடைப் பற்று’ என்று கிறுக்கியிருக்கும் இடத்தில். பத்து ரூபாய் டீத்தூள் பாக்கெட், கால் லிட்டர் கடலை எண்ணெய், 50 கிராம் மிளகாய்த்தூள், கால் கிலோ ரவை, மறுபடியும் டீத்தூள், மறுபடியும் கால் லிட்டர் எண்ணெய். கூட்டினால் 1,800 ரூபாய் வருகிறது. ஆடம்பரம் என்று சொல்ல அதில் ஒரு பொருளும் இல்லை. ஆனால் எல்லாமே தீர்ந்த அன்றைக்கு, தீர்ந்த அவசரத்தில், சின்ன அளவில் வாங்கியவை. கடன் சொல்லி வாங்குகிறவர் விலை கேட்க முடியாது, தரம் பார்க்க முடியாது. கடைக்காரர் மேல் தப்பில்லை. அவரும் பணத்தை முடக்கித்தான் உங்களுக்குக் கொடுக்கிறார்.

அதனால் முதல் வேலை லீ பஜார் இல்லை. எண்ணெய், டீத்தூள், மிளகாய்த்தூள் மூன்றும் முப்பதாம் தேதி வரை தாங்குகிற அளவுக்கு முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். பணம் போதாவிட்டால் அந்த மாதம் அரிசியில் அஞ்சு கிலோ குறைத்து, ரேஷன் அரிசியை இட்லிக்கும் களிக்கும் போடுங்கள். ஒரே மாதத்தில் கடன் அடையாது. மூன்று நாலு மாதத்தில் எதிர்க்கடை நோட்டில் உங்கள் பக்கம் காலியாகிவிடும். அதற்குப் பிறகு பஜாருக்கு வாங்க.

வரும்போது பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வாங்க. இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒரு மூட்டையைப் பங்கு போட்டால்தான் மொத்த விலை கட்டுப்படியாகும். அரிசி மூட்டையில் ஒன்று கவனியுங்கள். இப்போது 26 கிலோ மூட்டை என்று வருகிறதே, அது கடைக்காரர் தாராளமாக ஒரு கிலோ சேர்த்துக் கொடுப்பதல்ல. 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரையிலான, லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புப் பைகளுக்கு 5% ஜிஎஸ்டி. ஒரு கிலோ கூட்டினால் வரி கிடையாது. ஆகவே மூட்டை விலையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டாதீர்கள். 25-ஆ, 26-ஆ என்று கேட்டு, கிலோ விலைக்கு வகுத்துப் பார்த்து வாங்குங்கள். அப்புறம் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து, பழசா புதுசா என்று கேளுங்கள். கிலோவுக்கு ரெண்டு ரூபாய் கூடுதல் என்றாலும் பழைய அரிசிதான் சோறு காணும். புது அரிசி விலை குறைவு என்று வாங்கி, குழைந்துபோய், அளவும் காணாமல், கூட ஒரு ஆழாக்கு போட்டு வடிப்பவர்களே அதிகம்.

வருடத்துக்கு ஒரு தடவை வாங்க வேண்டியவை தனி. புளி, மிளகாய், மல்லி. புதுப்புளி மாசி, பங்குனியில் வந்து இறங்கும். கொட்டையோடு வாங்கினால் விலை மலிவாகத் தெரியும்; கொட்டையின் எடையைக் கழித்துப் பார்த்தால் பல தடவை கொட்டை எடுத்த புளியே லாபம். அதே சமயத்தில் மிளகாயும் மல்லியும் வாங்கி, மொட்டை மாடி வெயிலில் முறுகக் காயவைத்து, மில்லில் அரைத்து வைத்துவிட்டால் 50 கிராம் பாக்கெட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அதற்கு மொத்தமாகக் கையில் பணம் வேண்டுமே என்பீர்கள். எதிர்க்கடைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பணம் மாசிக்குள் அதற்குச் சேரும்.

கேள்வி: பெரிய பாக்கெட்தான் எப்போதும் லாபமா?
— வாசகர், குகை

எப்போதும் இல்லை. ஷாம்பு பெரும்பாலும் நேர்மாறு; பாட்டிலை விட ரெண்டு ரூபாய் சாஷேதான் மில்லி கணக்கில் மலிவாக இருக்கும். பாக்கெட்டில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் ஒரு கிராம் இவ்வளவு, ஒரு மில்லி இவ்வளவு என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை ஒப்பிடுங்கள். கண்ணாடி எடுத்துப் போக மறக்காதீர்கள்.

கேள்வி: இரண்டு மாதக் கரண்ட் கணக்கில் போன தடவை 496 யூனிட், இந்தத் தடவை 512. பதினாறு யூனிட்டுக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல் ஏறியிருக்கிறது. மீட்டரில் கோளாறா?
— வாசகர், ஓமலூர்

மீட்டர் சரியாகத்தான் ஓடுகிறது. நீங்கள் 500-ஐத் தாண்டிவிட்டீர்கள்.

2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். அதற்குப் பிறகு கட்டணம் ஏறியது, ஆனால் கணக்கின் போக்கு புரிய இது போதும். 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.25, அதற்கடுத்த 200-க்கு 4.50, மீதிக்கு 6 ரூபாய். 496 யூனிட்டுக்கு 1,701 ரூபாய் ஆகிறது. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2.25 என்ற சலுகைப் படியே மறைந்துவிடும். 101-லிருந்து 400 வரை எல்லாம் 4.50, அதற்கு மேல் 6, 500-க்கு மேல் போன 12 யூனிட்டுக்கு 8 ரூபாய். 512-க்கு 2,046 வருகிறது. நீங்கள் கூடுதலாக எரித்த பதினாறு யூனிட்டில் ஒவ்வொன்றுக்கும் 21 ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கிறீர்கள். நாள் முழுக்க விளக்கை அணைத்துக்கொண்டு திரிவதால் வருவதை விட, இந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பதால் மிச்சமாவது அதிகம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ரீடிங் எடுத்த தேதியையும் அன்றைக்கு மீட்டர் காட்டுகிற யூனிட்டையும் காலண்டரில் எழுதிவிடுங்கள். நாற்பதாம் நாள் போய் மீட்டரைப் பாருங்கள். நாளைக்கு எட்டு யூனிட் வீதம் 320-க்குள் இருந்தால் கவலை இல்லை. 350-ஐத் தாண்டியிருந்தால் மிச்ச இருபது நாளைக்கு அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், ஏசி இவற்றின் மேல் ஒரு கண் இருக்கட்டும். ஃபேன் பழசானால் மாற்றும்போது பிஎல்டிசி ஃபேனாகப் பாருங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கிற இடத்தில் இது 30 வாட்டை ஒட்டி இழுக்கும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் சுற்றுகிற ஒரு ஃபேனை மாற்றினாலே இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறையும். நன்றாக ஓடுகிற ஃபேனைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. காயில் போன ஃபேனைத் திரும்பத் திரும்ப வைண்டிங் பண்ணிக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்கிறேன்.

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட் வேலை. சேலத்தில் விற்கிற எதுவும் இங்கே வந்து சேரும்போது விலை கூடிவிடுகிறது. கேஸ் சிலிண்டரும் கீழே இருக்கும் தங்கச்சி வீட்டில் வருகிற அளவுக்கு வருவதில்லை. நான் என்ன மாற்ற வேண்டும்?
— வாசகி, ஏற்காடு

உங்கள் தங்கச்சியோடு ஒப்பிட்டு வருத்தப்படாதீர்கள். உங்கள் அடுப்பு கூடுதலாக எரிவதற்குக் காரணம் மலை. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். 300 மீட்டர் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கிற சூடு சுமார் ஒரு டிகிரி குறையும். சேலத்தில் 99 டிகிரிக்குக் கொதிக்கிற உலை உங்கள் வீட்டில் 95-லேயே தளதளக்க ஆரம்பித்துவிடும். பார்க்க நன்றாகக் கொதிப்பதுபோல் இருக்கும், பருப்போ வேகாது. அதனால் மலை வீட்டில் குக்கர் என்பது வசதிக்காக இல்லை, அவசியம். சட்டியில் பருப்பு வேகவைக்கும் பழக்கத்தைக் கீழே இருப்பவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

குக்கரிலும் ஒரு விஷயம். முதல் விசில் வந்ததும் சிம்மில் வையுங்கள். உள்ளே அழுத்தம் ஏறியபின் பெரிய தீ வேண்டியதில்லை. விசில் விசிலாக வெளியே போவதெல்லாம் நீங்கள் காசு கொடுத்த ஆவி. துவரம்பருப்பை அரை மணி ஊறவையுங்கள். கொள்ளு, தட்டைப்பயறு என்றால் முதல் நாள் ராத்திரியே. கேஸ்கட் தளர்ந்து ஓரத்தில் ஆவி சீறுகிறதென்றால் உடனே மாற்றுங்கள். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி ஒட்டினால் பர்னரைக் கழற்றி ஊசியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

சாமான் விலைக்கு வருகிறேன். இருபது ஹேர்பின் வளைவு ஏறி வருகிற எதற்கும் ஏற்றுக்கூலி உண்டு, அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் எடை அதிகம், விலை குறைவான பொருளில்தான் அந்தக் கூலி உறைக்கும். உருளைக்கிழங்கு, வெங்காயம், அரிசி, உப்பு இவற்றைச் சேலம் போகிற அன்றைக்குக் கீழேயே வாங்கிவிடுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை என்பதால் சேலத்துக்குள் ஒரு மார்க்கெட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகச் செலவில்லை. மேலே விளைவதை மேலேயே வாங்குங்கள். சௌசௌ, பீன்ஸ், மிளகு உங்கள் ஊர்ச் சரக்கு. பலாப்பழக் காலத்தில் கொட்டையைத் தூக்கி எறிகிற வீடுகளை நான் ஏற்காட்டிலேயே பார்த்திருக்கிறேன். கழுவி, நிழலில் காயவைத்து, மண்ணில் புதைத்து வையுங்கள். மழைக் காலத்தில் குழம்புக்கும் பொரியலுக்கும் ஆகும். காப்பித்தூள் வாங்கும்போது மட்டும் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சிக்கரி எத்தனை சதம் என்று போட்டிருக்க வேண்டும். 49 வரை சேர்க்க அனுமதி உண்டு. காப்பி விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு பாதிக்குப் பாதி சிக்கரியைக் காப்பி விலைக்கு வாங்கினால் உங்கள் எஸ்டேட் செடியே சிரிக்கும்.

கேள்வி: செலவைக் குறைக்க வேண்டும் என்று கணவர் பால், பழம், முட்டையை நிறுத்தச் சொல்கிறார். எனக்குக் காலையில் ஒரு காப்பி போதும், பிள்ளைகளுக்காகத்தான் கேட்கிறேன். என்ன சொல்லட்டும்?
— பெயர் வேண்டாம், ஆத்தூர்

இந்தக் கேள்வி எனக்கு மாதம் தவறாமல் வருகிறது, ஊர்தான் மாறுகிறது.

ஒரு நோட்டு எடுங்கள். பக்கத்தை நாலாகக் கோடு போடுங்கள். வீட்டுக்குப் பொது, உங்களுக்கு, பிள்ளைகளுக்கு, அவருக்கு. பெட்ரோல், போன் ரீசார்ஜ், சிகரெட், நண்பர்களோடு சாப்பிட்டது, டாஸ்மாக் உண்டென்றால் அதுவும், எதையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம். மாதம் முடிந்ததும் கோட்டுக்குக் கீழே கூட்டி வையுங்கள், போதும். கடையில் முதலாளி ‘கூலியாட்களுக்கு டீ செலவு ஜாஸ்தி’ என்று சொல்லும்போது நாங்கள் வாய் திறக்க மாட்டோம். பேரேட்டைத் திருப்பி முதலாளி பற்றுக் கணக்கைக் காட்டுவோம். அவரே மூடிவிடுவார்.

‘எனக்கு ஒரு காப்பி போதும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டில் சிக்கனம் என்று ஆரம்பித்தால் முதலில் குறைவது அம்மாவின் தட்டுதான். அது கணக்கில் ஏறாது. நாலு வருடம் கழித்து இரத்தசோகை என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும்போது ஏறும்.

பாலை நிறுத்த வேண்டாம், பாக்கெட்டை மாற்றலாம். ஆவின் ஆரஞ்சில் 6% கொழுப்பு, நீலத்தில் 3%. புரதத்தில் பெரிய வித்தியாசமில்லை. தயிருக்கும் காப்பிக்கும் நீலம் தாராளம். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். மாதாமாதம் விடாமல் வாங்குங்கள். வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு அந்தப் பருப்பை விட்டுவிட்டுக் கடையில் நாலு மடங்கு கொடுப்பவர்களை எனக்குத் தெரியும். வாரத்தில் இரண்டு நாள் கொள்ளுப் பருப்பு, தட்டைப்பயறு என்று மாற்றுங்கள். நம் சேலம் ஜில்லாவில் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முட்டைக்குப் பக்கத்து நாமக்கல்தான். இந்த மாவட்டத்தில் முட்டையை விட மலிவான மாமிசச் சத்து வேறு இல்லை என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: உழவர் சந்தைக்கு எத்தனை மணிக்குப் போனால் விலை குறைவு?
— வாசகி, சூரமங்கலம்

விலை பலகையில் எழுதியிருப்பதுதான். மணிக்கு மணி மாறாது. முடிகிற நேரத்தில் மிச்சத்தைக் கூறு கட்டிக் கொடுப்பார்கள், அன்றைக்கே சமைப்பதென்றால் வாங்கலாம். கீரைக்கு மட்டும் விடியலிலேயே போங்கள். சீட்டில் கத்தரிக்காய் என்று எழுதிக்கொண்டு போகாமல் ‘காய் மூன்று வகை’ என்று எழுதிக்கொண்டு போங்கள். அன்றைக்கு எது மலிவோ அதுதான் குழம்பு. தக்காளி நூறைத் தொடும் காலத்தில் மாங்காய் வத்தல் கை கொடுக்கும். சித்திரை, வைகாசியில் காற்றுக்கு உதிர்ந்த காயை நம் ஊர்த் தோப்புகளில் அள்ளிக் கொடுப்பார்கள். கீறி, உப்பில் பிரட்டிக் காயவைத்துவிடுங்கள். வடாமும் அப்போதே. ஜவ்வரிசி ஊரில் இருந்துகொண்டு பாக்கெட் அப்பளப்பூ வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி: ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுட வேண்டுமென்று பிள்ளைகள் மூன்று பேரும் நிற்கிறார்கள். தேங்காய் விற்கிற விலையில் மூவருக்கும் சேர்த்து ஒன்று போதாதா?
— வாசகர், தாதகாப்பட்டி

ஆளுக்கொன்று வாங்குங்கள். வருடத்தில் ஒரு நாள். அழிஞ்சில் குச்சியில் தேங்காயைக் குத்தி நெருப்பில் காட்டிக்கொண்டு மூன்று பேர் ஒரே தேங்காய்க்கு அடித்துக்கொண்டால் மஞ்சள் தடவிய ஓடுதான் உடையும். எண்ணிக்கைக்கு வாங்காமல் எடைக்கு வாங்குங்கள், இரண்டு நாள் முன்னாடியே. ஆடிப் பண்டிகை நெருங்க நெருங்க விலை ஏறும்; எலுமிச்சம்பழமும் பூவும் இதே கதைதான்.

கேள்வி: தினமும் சாயங்காலம் ஒரு தட்டுவடை செட், ஒரு டீ. அம்மா வீண் செலவு என்கிறார். நிறுத்த வேண்டுமா ஐயா?
— கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்திருக்கும் வாசகர், ஐந்து ரோடு

கண்ணு, தட்டுவடை செட்டை விடு. உன் கடிதத்தின் கடைசி வரியில் போனுக்கும் பைக்குக்கும் சேர்த்து 9,000 தவணை கட்டுவதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா?

கேள்வி: இப்படிப் பார்த்துப் பார்த்து மாதம் 700, 800 மிச்சமாகிறது. பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா தீபாவளிச் சீட்டு நடத்துகிறார். வெள்ளிக் காசும் ஸ்வீட்டும் தருகிறாராம். சேரலாமா?
— வாசகி, சிவதாபுரம்

அந்த அக்கா நல்லவராகவே இருக்கட்டும். உங்களுக்கு முன்னால் சேர்ந்த நாற்பது பேரில் பாதிப் பேர் நடுவில் கட்டாமல் விட்டால் அந்த நல்லவர் எங்கிருந்து கொடுப்பார்? சீட்டு என்றால் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்தது வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். ‘நமக்குள்ள என்னம்மா பதிவு’ என்று பதில் வந்தால் ஸ்வீட்டைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

அஞ்சலகத்தில் ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டுகிற சேமிப்புக் கணக்கு, ஆரம்பியுங்கள். மாதம் 100 ரூபாயிலேயே தொடங்கலாம், ஐந்து வருடம். 500-க்கு ஆரம்பியுங்கள், 800-க்கு வேண்டாம். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் உங்களுக்கும் வரும். மிச்ச முந்நூறு டப்பாவில் இருக்கட்டும், மாசியில் புளியும் மிளகாயும் வாங்க.